மாத்திரை வேலை செய்வதற்குள் வலி முடிந்துவிடுகிறது: கிளஸ்டர் தலைவலிக்கு ஆக்சிஜனும் மற்ற வழிகளும்

ஒரே பக்கக் கண்ணைச் சுற்றிக் கடுமையாக அடிக்கும் கிளஸ்டர் தலைவலி ஒரு தடவை வந்தால் 15 நிமிடத்திலிருந்து 180 நிமிடம் வரை நிற்கும். பலருக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். விழுங்கிய வலி மாத்திரை ரத்தத்தில் ஏறி வேலையைத் தொடங்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிறது. வலி தானாக இறங்கும் நேரமும் மாத்திரை 'கேட்கும்' நேரமும் இப்படி ஒத்துப்போவதால், ஒன்றுக்கும் உதவாத மாத்திரைக்கு வருடக்கணக்கில் நல்ல பெயர் கிடைத்துக்கொண்டிருக்கும்.

இதே ஏமாற்று பெரிய அளவிலும் நடக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இந்த வலி சீசனாக வரும். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் தினமும் ஒன்று, இரண்டு, சிலருக்கு எட்டு முறை வரை அடித்துவிட்டு, வந்த மாதிரியே போய்விடும். முதல் வாரத்தில் டாக்டர் கொடுத்த மருந்து, மூன்றாம் வாரத்தில் யாரோ சொன்ன எண்ணெய், ஆறாம் வாரத்தில் ஊசி, ஒன்பதாம் வாரத்தில் மூலிகைப் பொடி என்று போனால், பத்தாம் வாரத்தில் வலி நின்றதற்கான பெருமை பொடிக்குத்தான் சேரும். அடுத்த சீசனில் அதே பொடி கைவிடும்போது 'இந்த முறை வீரியம் கூடிவிட்டது' என்று நோயின் மேல் பழி விழும். மாற்று சிகிச்சை எதைத் தொடுவதற்கு முன்பும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சீசன் இல்லாமல் வருடம் முழுக்க வருவது, அல்லது ஒரு வருடத்தில் வலியற்ற இடைவெளி மூன்று மாதத்தைத் தொடாமல் இருப்பது நாள்பட்ட வகை. அதிலும் ஏற்ற இறக்கம் உண்டு என்பதால் ஏமாற வாய்ப்பு அங்கேயும் இருக்கிறது.

அதனால் முதலில் வேண்டியது ஒரு நோட்டு. வலி தொடங்கிய மணி நிமிடம், என்ன செய்தோம், அதை எத்தனையாவது நிமிடத்தில் செய்தோம், வலி முழுதாக இறங்கிய நேரம், பத்துக்கு எத்தனை வலி. இவ்வளவு போதும். எதுவும் புதிதாகத் தொடங்காமல் ஒரு வாரம் எழுதினால், 'சும்மா விட்டால் எவ்வளவு நேரம்' என்ற கணக்கு கையில் இருக்கும். பிறகு ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாகத் தொடங்கினால் எது கேட்டது என்று கடைசிவரை தெரியாது.

இது கிளஸ்டர்தானா?

ஒரே பக்கக் கண்ணைச் சுற்றி வலி, அந்தப் பக்கக் கண்ணில் நீர், சிவப்பு, மூக்கடைப்பு, இமை இறக்கம், உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பது. ஒற்றைத் தலைவலிக்காரர் இருட்டறையில் அசையாமல் படுத்திருப்பார், கிளஸ்டர்காரர் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருப்பார். இவ்வளவு தெளிவாக இருந்தும் சைனஸ் என்று மூக்கு அறுவை செய்துகொண்டவர்களும், நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு.

ஒரு குழப்பத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வலி 2 முதல் 30 நிமிடத்துக்குள் முடிந்து, ஒரு நாளில் ஐந்துக்கு மேல் வருகிறது என்றால், அது பராக்சிஸ்மல் ஹெமிக்ரேனியா என்ற இன்னொரு நோயாக இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் அதற்கு இண்டோமெதசின் என்ற மருந்து முழுதாகக் கேட்கும், ஆக்சிஜன் பொதுவாகக் கேட்காது. 'சிலிண்டர் வாங்கியும் பயனில்லை' என்பவர்களில் சிலர் இந்த வகை. முதல் முறை வரும்போது மூளை எம்.ஆர்.ஐ. ஒன்று எடுத்துவிடுவது நல்லது. மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டிகூட இதே முகத்தைக் காட்டும். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்தது, காய்ச்சலோடு வந்தது, கை கால் பலவீனத்தோடு வந்தது, இடி விழுந்தாற்போல் ஒரே நொடியில் உச்சம் தொட்டது என்றால், மாற்று சிகிச்சையைப் பற்றி யோசிக்கும் நேரம் அது இல்லை, நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஆக்சிஜன்

மாத்திரையோ ஊசியோ இல்லாத வழிகளில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிற்பது இது ஒன்றுதான். மருத்துவர்களே எழுதிக்கொடுப்பதால் இதை 'மாற்று' என்பதுகூடச் சரியில்லை. 1981-ல் நிமிடத்துக்கு 7 லிட்டர் கொடுத்து ஆய்வு செய்தார்கள். 2009-ல் வெளிவந்த ஆய்வில் நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் 15 நிமிடம் கொடுத்தபோது 78 சதவீத முறை வலி நின்றது. வெறும் காற்றை ஆக்சிஜன் என்று சொல்லிக் கொடுத்தபோது 20 சதவீதம்தான். அந்த 20-ஐயும் கவனியுங்கள். ஒன்றுமே கொடுக்காமல் ஐந்தில் ஒரு முறை 'கேட்டிருக்கிறது'.

ஆக்சிஜன் கேட்கவில்லை என்பவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் நான்கில் ஒரு கோளாறு இருக்கும்: தவறான மாஸ்க், போதாத வேகம், தாமதம், சீக்கிரம் நிறுத்துவது.

மாஸ்க்கிலிருந்து தொடங்கலாம். மூக்கில் செருகும் இரட்டைக் குழாய் இதற்கு உதவாது. ஓட்டை வைத்த சாதாரண மாஸ்க்கும் உதவாது, ஒவ்வொரு மூச்சிலும் அறைக் காற்று கலந்து ஆக்சிஜன் பாதியாக நீர்த்துப்போகும். வேண்டியது அடியில் பை தொங்கும் நான்-ரீப்ரீதர் மாஸ்க். மூச்சை வெளியே விடும்போது பையில் ஆக்சிஜன் நிறையும், இழுக்கும்போது பையிலிருந்து வரும். பக்கவாட்டில் இரண்டு துளைத் தொகுதிகள் இருக்கும். பல மாஸ்க்குகளில் ஒரு பக்கத்துக்கு மட்டும் ரப்பர் மூடி போட்டு, மறுபக்கத்தைத் திறந்தே விட்டிருப்பார்கள். சிலிண்டர் தீர்ந்தாலும் மயங்கிக் கிடப்பவர் மூச்சு முட்டாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. கிளஸ்டர்காரர்கள் அந்தத் திறந்த பக்கத்தை விரலாலோ டேப்பாலோ அடைத்துக்கொள்கிறார்கள், அறைக் காற்று கலப்பது குறைகிறது. அப்படிச் செய்வதானால் எலாஸ்டிக்கைக் காதில் மாட்டக் கூடாது. மாஸ்க்கைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். பை சுருங்கி மூச்சு கிடைக்காவிட்டால் கை தானாக விலகும். தூக்க மருந்து எடுத்தவர், மது அருந்தியவர் இந்த வேலையே வேண்டாம்.

அடுத்தது வேகம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை இழுப்பார். வலியில் வேகமாக மூச்சு வாங்குபவர் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு இழுப்பார். சிலிண்டரில் பொருத்தி வேகத்தை வைக்கும் ரெகுலேட்டர் 7 லிட்டர்தான் தருகிறது என்றால் பை ஒட்டிக்கொள்ளும், மீதிக்கு மாஸ்க்கின் ஓரங்களிலிருந்து அறைக் காற்று புகும். 12-ல் தொடங்குங்கள், பை முழுதாகச் சுருங்கினால் 15-க்கு ஏற்றுங்கள். சிலருக்கு 15-ம் போதாது, அதற்கு 25 லிட்டர் ரெகுலேட்டர் உண்டு. வாங்குவதற்கு முன் ரெகுலேட்டரின் மேல் எண்ணைப் பாருங்கள். நுரையீரல் நோயாளிகளுக்கானவை பல 8-க்கு மேல் போகாது. அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று தோன்றும். ஆனால் சாதாரண இயந்திரத்தின் உச்சம் 5 லிட்டர், பெரியது 10. சிலிண்டரின் சுத்தமும் அதில் வராது. சிலிண்டர் தீர்ந்த இரவுக்கு 'ஒன்றுமில்லாததற்கு' என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

சிலிண்டர் கணக்கில் பலர் தடுக்கி விழுகிறார்கள். எழுத்துப் பெயரை நம்ப வேண்டாம், ஒரு நாட்டில் 'டி' என்பது கையில் தூக்கும் சின்ன உருளை, இன்னொரு நாட்டில் ஆள் உயரம். லிட்டரைக் கேளுங்கள். உருளையின் நீர்க் கொள்ளளவை அழுத்தத்தால் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும். 10 லிட்டர் கொள்ளளவு, 150 பார் அழுத்தம் என்றால் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 15 வீதம் 100 நிமிடம், ஒரு வலிக்கு 20 நிமிடம் என்றால் ஐந்து வலி. தினமும் மூன்று முறை வலி வருபவருக்கு இது இரண்டு நாள்கூடத் தாங்காது. வீட்டுக்குப் பெரியது ஒன்று, வேலை இடத்துக்கும் வண்டிக்கும் சின்னது ஒன்று, பெரியதற்கு மாற்று ஒன்று என்று வைத்தால்தான் சீசன் ஓடும். அழுத்தமானி கால்வாசிக்கு வந்ததும் நிரப்பச் சொல்லிவிட வேண்டும். தீர்ந்த பிறகு சொல்வது எப்போதும் விடுமுறை நாளாகவே அமையும்.

இனி செய்முறை. வலி எட்டிப் பார்க்கும்போதே, கண்ணோரத்தில் அந்தப் பழகிய குறுகுறுப்பு வரும்போதே தொடங்க வேண்டும். 'இது வலியாக மாறுமா பார்ப்போம்' என்று பத்து நிமிடம் காத்திருந்தால், பிறகு இருபது நிமிடம் இழுத்தும் பலன் பாதிதான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து முன்னால் குனிந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள். ரெகுலேட்டரின் வேகம் பூஜ்யத்தில் இருக்கும்போது சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறந்து, பிறகு வேகத்தை ஏற்றுங்கள். மாஸ்க்கின் உள்ளே பைக்கு மேலே இருக்கும் வால்வை விரலால் அழுத்தினால் பை நிறையும். நிறைந்த பிறகு முகத்தில் வையுங்கள். மூக்குப் பாலத்திலும் தாடையிலும் இடைவெளி இருக்கக் கூடாது, தாடி வைத்தவர்களுக்கு இங்கேதான் கசிவு. ஆழமாக இழுத்து, நுரையீரல் காலியாகும்வரை ஊதி விடுங்கள். பலர் இழுப்பதில் மட்டும் கவனமாக இருந்து, விடுவதில் அவசரப்படுகிறார்கள். விரல் நுனி மரத்து, தலை லேசாகச் சுற்றினால் மூச்சின் வேகத்தைக் குறையுங்கள்.

15 நிமிடத்தில் வலி இறங்கும். இறங்கிய உடனே கழற்றினால் அரை மணியில் திரும்பி வருவது அடிக்கடி நடக்கிறது. வேகத்தைக் குறைத்து இன்னும் ஐந்து பத்து நிமிடம் தொடர்வது அதற்காகத்தான். 20 நிமிடமாகியும் அசைவே இல்லை என்றால் அந்த முறை ஆக்சிஜன் தோற்றுவிட்டது, டாக்டர் எழுதிக் கொடுத்த சுமாட்ரிப்டான் ஊசிக்குப் போகலாம். இதயக் குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு அந்த ஊசி ஆகாது என்பதால்தான் ஆக்சிஜனின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

நெருப்பு விஷயத்தில் விளையாட்டு கிடையாது. கிளஸ்டர் நோயாளிகளில் புகைப்பவர் அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆக்சிஜன் ஊறிய சட்டையும் தலைமுடியும் கொஞ்ச நேரத்துக்குச் சுலபமாகப் பற்றிக்கொள்ளும். முடித்த அரை மணி நேரத்துக்கு அடுப்பும் சிகரெட்டும் பக்கத்தில் வேண்டாம். ரெகுலேட்டர் திருகில் எண்ணெய், கிரீஸ், உதட்டில் வாசலின் எதுவும் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனில் எண்ணெய் தானாகவே தீப்பிடிக்கும். ரெகுலேட்டர் பொருந்தும் இடத்தில் 'உஸ்' சத்தம் கேட்டால் இன்னும் இறுக்குவதால் பயனில்லை, உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும். டேப் சுற்றாமல் வாஷரை மாற்றுங்கள், ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உருளையைச் சுவரோடு சங்கிலியில் கட்டி வையுங்கள். வெல்டிங் சிலிண்டர் வாங்கும் யோசனை எல்லோருக்கும் ஒரு நாள் வரும். வாயுவின் சுத்தத்தைவிட, அந்த உருளைக்குள் அதற்கு முன் என்னென்ன போயிற்று, யார் என்ன கையால் நிரப்பினார் என்பதுதான் அங்கே பிரச்சினை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதிவேக ஆக்சிஜன் எடுக்கக் கூடாது, அவர்களுக்கு மூச்சே மந்தமாகிவிடலாம்.

வீட்டில் இருக்கும் ஒருவருக்காவது இந்தச் செய்முறை முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். நள்ளிரவு வலியில் திருகு எந்தப் பக்கம் திரும்பும் என்பதே மறந்துபோகும். இந்த நோயில் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் நல்ல திடமானவர்களுக்கும் வலியின் நடுவில் வருவதுண்டு. அதை மறைக்காமல் டாக்டரிடமும் வீட்டிலும் முன்கூட்டியே சொல்லி வைப்பது, வாஷரை மாற்றி வைப்பதைப் போலவே ஒரு முன்னேற்பாடு.

மெலடோனின், வைட்டமின் டி

வலி பெரும்பாலும் தூங்கிய ஒன்று இரண்டு மணி நேரத்தில், கடிகாரம் வைத்தாற்போல் வருவதால் தூக்க ஹார்மோனான மெலடோனின் மேல் சந்தேகம் விழுந்தது. 1996-ல் வெளிவந்த சின்ன ஆய்வில் மாலையில் 10 மில்லிகிராம் மெலடோனின் எடுத்த பத்துப் பேரில் ஐந்து பேருக்கு மூன்று முதல் ஐந்து நாளில் வலி நின்றது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஒருவருக்கும் நிற்கவில்லை. கேட்டதெல்லாம் சீசன் வகைக்கு, நாள்பட்ட வகைக்குக் கேட்கவில்லை. பத்துப் பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் பக்கவிளைவு குறைவு என்பதால் டாக்டரிடம் கேட்டுவிட்டு முயலத் தகுந்தது. 3 மில்லிகிராமில் தொடங்கி, காலை மந்தம் எப்படி என்று பார்த்து ஏற்றலாம். ஒரு வாரம் முழு அளவில் எடுத்தும் நோட்டில் மாற்றம் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். கடையில் வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. 2017-ல் கனடாவில் 31 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்தபோது, லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவிலிருந்து 478 சதவீதம் கூடுதல் வரை இருந்தது. ஒரு பாட்டிலில் கேட்டு அடுத்ததில் கேட்காமல் போனால் நோய் மாறிவிட்டது என்று பொருளில்லை, பாட்டிலை மாற்றிப் பாருங்கள்.

வைட்டமின் டி3 பற்றி நோயாளிகள் நடுவே பெரிய நம்பிக்கை இருக்கிறது. தினம் 10,000 ஐ.யு., கூடவே மெக்னீசியம், ஒமேகா-3, வைட்டமின் கே2 என்று எடுத்து, ரத்த அளவை 80 நானோகிராம்/மி.லி. பக்கத்தில் வைப்பது. அதை ஆதரிப்பவை பெரும்பாலும் நோயாளிகள் தாங்களே சொன்ன கணக்குகள், அவற்றில் நாம் தொடக்கத்தில் பார்த்த 'கடைசி மருந்து' ஏமாற்றும் கலந்திருக்கிறது. பொதுவாகப் பெரியவர்களுக்குச் சொல்லும் தினசரி மேல் எல்லை 4,000 ஐ.யு. அதைத் தாண்டுவதானால் தொடங்கும் முன்பும், பிறகு சில வாரங்களுக்கு ஒரு முறையும் ரத்தத்தில் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி, கால்சியம், பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்), கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை) நான்கையும் பார்க்க வேண்டும். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல் என்றால் கால்சியம் ஏறுகிறது, உடனே நிறுத்த வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம். குறைபாடு இருந்தால் அதை நிரப்புவது எப்படியும் நல்லது, அதற்கு இவ்வளவு அளவும் தேவையில்லை.

கைக்கெட்டும் சின்ன வழிகள்

வலி தொடங்கும்போது கடுங்காப்பியை, அல்லது குளிர்ந்த எனர்ஜி டிரிங்க்கை ஒரே மூச்சில் குடிப்பது பலருடைய பழக்கம். 250 மி.லி. டப்பாவில் 80 மில்லிகிராம் அளவுக்கு காஃபீன் இருக்கும். முறையான ஆய்வு இல்லை, ஆனால் சிலருக்கு லேசான வலி இதிலேயே நிற்கிறது. நள்ளிரவில் குடித்தால் தூக்கம் போகும், மறுநாள் பகலில் கண் அயரும், அந்தக் குட்டித் தூக்கத்தில் அடுத்த வலி வரும். நெற்றிப்பொட்டில் ஐஸ், குளிர்ந்த காற்றை வாயால் இழுத்து மேலண்ணத்தில் படவிடுவது, மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறுவது எல்லாம் சிலருக்குச் சில நேரம் கேட்கும். ஆக்சிஜனை எடுக்கக் கை போகும் நேரத்தை இவை விழுங்காமல் இருந்தால் சரி. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினை மூக்கில் விட்டு ஆய்வு செய்திருக்கிறார்கள் என்பது உண்மை, அதற்காகச் சமையலறை மிளகாயைக் கரைத்து மூக்கில் விட்டுக்கொள்வது புண்ணைத்தான் தரும்.

சீசனில் மதுவை முழுதாக விட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் வலியைக் கூப்பிட்டுவிடும். சீசன் முடிந்ததும் அதே ஆளுக்கு அதே மது ஒன்றும் செய்யாது என்பது இந்த நோயின் விசித்திரம். இதய வலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரினும் வலியைத் தூண்டும், பெயின்ட் தின்னர் போன்ற நெடிகளும் அப்படித்தான்.

கழுத்தில் வைத்து வேகஸ் நரம்பைத் தூண்டும் கைக்கருவிக்கு அமெரிக்காவில் 2017-ல் அனுமதி கிடைத்தது. நடக்கிற வலியை நிறுத்த அது உதவியது சீசன் வகையினருக்குத்தான், நாள்பட்டவர்களுக்கு அதே சோதனையில் பலன் தெரியவில்லை. பின்னவர்களுக்கு மற்ற மருந்தோடு சேர்த்துத் தடுப்பாக மட்டும் பயன்படுகிறது. பின்தலையில் வலிக்கும் பக்க நரம்பைச் சுற்றிப் போடும் ஸ்டீராய்டு ஊசிக்கு நல்ல ஆதாரம் உண்டு, சில வாரம் நிம்மதி தரும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும், ஊசி போட்ட இடத்தில் முடி கொட்டிக் குழி விழுவதும் உண்டு.

மாயக் காளானில் இருக்கும் போதைப்பொருளான சைலோசிபின் பற்றிய பேச்சு 2006-க்குப் பிறகு பெருகியது. அந்த வருடம் வெளிவந்தது நோயாளிகள் சொன்ன அனுபவங்களின் தொகுப்பு. பிறகு நடந்த முறையான சோதனைகள் மிகச் சிறியவை, முதலாவதில் கிடைத்த வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் தேறவில்லை. பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம். இந்த வலியைத் தடுக்க லித்தியம் எடுப்பவர் இதையும் சேர்த்தால் வலிப்பு வரலாம், அது சட்டத்தைவிடப் பெரிய ஆபத்து.

'இயற்கைப் பொருள்தானே' என்று டாக்டரிடம் சொல்லாமல் விடுவதில்தான் அதிகம் சறுக்குகிறது. வலி வராமல் தடுக்கக் கொடுக்கும் வெரபமில் எடுப்பவர் கிரேப்ஃப்ரூட் சாறு குடித்தால் மருந்து அளவு ரத்தத்தில் ஏறி நாடித்துடிப்பு இறங்கும். அதே வெரபமிலைச் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை நீர்த்துப்போகச் செய்யும். வெரபமில் அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் ஈ.சி.ஜி. பார்ப்பது இதற்காகவும் சேர்த்துத்தான். லித்தியத்தோடு ஐபுப்ரோஃபேன் சேர்ந்தால் லித்தியம் நச்சளவுக்கு ஏறலாம். மெக்னீசியத்தை சிறுநீரகம் பலவீனமானவர்கள் தொடக் கூடாது, மற்றவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம்.

சீசன் முடிந்ததும் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட ஆசை வரும். சின்னது ஒன்றையாவது வைத்துக்கொள்ளுங்கள். நோட்டைப் புரட்டினால் பலருக்கு வருடத்தின் அதே மாதம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அதற்கு ஒரு மாதம் முன்பே வால்வைத் திறந்து அழுத்தமானியைப் பாருங்கள், உருளையில் பொறித்த சோதனைத் தேதியைப் பாருங்கள். மாஸ்க்கின் ரப்பர் மூடி விறைத்திருந்தால் புது மாஸ்க், வாஷர் தட்டையாகியிருந்தால் புது வாஷர். மருந்துச் சீட்டின் காலாவதியும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.